குடிக்கிற கல்லும் குடிக்காத கல்லும்

எங்கள் வீட்டு டிரைவ்வேயில் பதினொரு மாதம் ஒரு பெரிய தேமல் இருந்தது. நடுவில் பால்வெள்ளை, ஓரத்தில் கிழிந்த சாம்பல் நிறம். மழை பெய்தால் பரவும், வெயில் எறித்தால் கொஞ்சம் சுருங்கும், ஆனால் மறையாது. வீட்டுக்கு வருகிற சனம் செருப்பைக் கழற்ற முன்னமே அதைப் பற்றித்தான் விசாரிக்கும். "என்ன, பெயின்ற் பேணி கவிண்டு போச்சோ?" கவிழவில்லை. காசு கொடுத்து வாங்கி, ஒரு சனிக்கிழமை முழுக்க நாரி முறிய நின்று, தரையில் தண்ணீர் ஊறாமல் இருக்கட்டும் என்று நானே ரோலரால் உருட்டி உருட்டிப் பூசிய சீலர் அது.

பட்டதையும் பிறகு படித்ததையும் எழுதி வைத்தால் நாலு பேருக்கு உதவும் என்று மனைவி சொன்னா. "பட்டதை மட்டும் எழுதுங்கோ. படிச்சதை எழுதினா ஒருத்தரும் வாசிக்கமாட்டினம்" என்றும் சொன்னா. இரண்டையும் கலந்துதான் எழுதப் போகிறேன்.

எங்கள் வீடு சிட்னியில், டூங்கபியில். அந்தப் பெயருக்கு இங்கத்தைய பழங்குடிகளின் டருக் மொழியில் தண்ணீருக்குக் கிட்டவான இடம் என்று பொருள் சொல்வார்கள். 1791இல் கைதிகளைக் கொண்டு அரசாங்கம் இங்கே பண்ணை போட்டதும் ஓடையை ஒட்டித்தான். வீடு வாங்கும்போது இதெல்லாம் யாருக்கு நினைவில் வரும்? ஸ்டேஷனுக்கு நடந்து போகலாமா, கிர்ராவீன் பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் பத்து நிமிடத்தில் போய்ச் சேரலாமா என்பதைத்தான் பார்த்தோம். மண்ணைப் பார்க்கவில்லை. இந்தப் பக்கத்து மண் களி. வெயில் காலத்தில் வெடித்து, வெடிப்புக்குள் இரண்டு டொலர் காசு விழுந்தால் திரும்ப எடுக்க முடியாது. மழை காலத்தில் காலடி வைத்தால் சப்பாத்தைக் கழற்றித் தானே வைத்துக்கொள்ளும். தண்ணீரை இலகுவில் விடாத மண். அதன் மேலே நாற்பது வருடத்துக்கு முன்னம் யாரோ ஊற்றிய கொங்கிரீட், அதன் மேலே நான், என் ரோலர்.

2022 ஜனவரி. இரண்டு மூன்று நாள் பெய்த மழை விட்டு, ஒரு சனிக்கிழமை நல்ல வெயில். கொங்கிரீட் மேலே கைவைத்துப் பார்த்தேன், காய்ந்திருந்தது. 'ஈரத் தோற்றம்' தரும் என்று போட்டிருந்த, மினுக்கமான அக்ரிலிக் சீலரை உச்சி வெயிலில் பூசினேன். பின்னேரம் பார்த்தால் கண்ணாடி மாதிரி மின்னியது. படம் எடுத்துக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டேன். கனடாவிலிருந்து மச்சான் ஒரு கைதட்டல் அனுப்பினார்.

அடுத்த கிழமை மழை. செவ்வாய் இரவு சிவப்பு மூடிக் குப்பைத் தொட்டியை ரோட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். எங்கள் டிரைவ்வே ரோட்டை நோக்கிச் சரிவு. தொட்டி எனக்கு முன்னால் போனது, கால் தொட்டிக்குப் பின்னால் போனது, மிச்சம் உள்ள நான் மெதுவாக இறங்கி வந்தேன். இடுப்பில் இரண்டு கிழமைக்கு ஒரு நாவற்பழ நிறம்.

இந்த நாட்டில் வழுக்கலுக்கும் ஒரு தர அளவு இருக்கிறது. ஏஎஸ் 4586 என்பது அதன் இலக்கம். ரப்பர் அடி வைத்த ஊசல் ஒன்றை நனைந்த தரையில் உரசிப் போகும்படி ஆடவிட்டு, அது எவ்வளவு தடைப்படுகிறது என்று பார்ப்பார்கள். பி0 தொடங்கி பி5 வரை தரம். எண் கூடக் கூட வழுக்கல் குறைவு. வெளியிலே, அதுவும் சரிவான இடத்துக்கு, மேல் தரம் வேண்டும். அந்தச் சோதனையை நான் ஊசல் இல்லாமல் செய்துவிட்டேன். மினுக்கமான சீலர் எதையும் வெளித் தரையில் பூச நினைக்கிற எல்லாருக்கும் ஒன்று சொல்வேன்: வழுக்காமல் இருக்க அதற்குள் கலக்கிற மணிகள், தூள்கள் தனியாக விற்பார்கள். அதை வாங்க மனமில்லாவிட்டால் சீலரையும் வாங்க வேண்டாம்.

வழுக்கியது ஒரு பக்கம். வெளுத்தது ஏன்? அதைத்தான் நான் கனநாள் விளங்காமல் திரிந்தேன். தேமலைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன், வினாகிரி ஊற்றினேன், பிரஷ் தேய்ந்தது. பிறகுதான் தெரிந்தது, அழுக்கு மேலே இல்லை, தண்ணீர் கீழே இருக்கிறது. கொங்கிரீட் பார்வைக்குக் கல். உண்மையில் அது மிக நுண்ணிய துளைகள் நிறைந்த பணிஸ். மேல்தோல் இரண்டு மணித்தியால வெயிலில் காய்ந்துவிடும். உள்ளே குடித்த தண்ணீரும், கீழே களிமண் பிடித்து வைத்திருக்கிற தண்ணீரும் ஆவியாகி மேலே வந்துகொண்டே இருக்கும். நான் அதன் வாயை பிளாஸ்டிக்கால் மூடினேன். ஆவி வந்து மூடிக்குக் கீழே தங்கியது, படலம் கொங்கிரீட்டில் இருந்து விட்டு எழும்பியது, அந்த ஈரம்தான் பால் மாதிரித் தெரிந்தது. உச்சி வெயிலில் பூசியதால் இன்னொரு கேடு: மேல்பக்கம் சட்டென்று தோல் கட்ட, உள்ளே இருந்த கரைப்பான் வெளியேற வழியில்லாமல் சின்னச் சின்னக் கொப்புளமாக நின்றுவிட்டது. அப்பம் சுடும்போது மூடியை நேரத்தோடு மூடினால் வருகிற கண்கள் மாதிரி.

அந்த வருடம் மூட வேண்டிய வருடமும் இல்லை. 2022 ஒக்டோபர் 6ஆம் திகதி, சிட்னியில் 1950இல் பெய்த 2,194 மில்லிமீற்றர் என்ற சாதனை முறிந்தது. வருடம் முடிய 2,500ஐத் தாண்டிவிட்டது. யாழ்ப்பாணத்தில் ஏறக்குறைய இரண்டு வருடத்தில் பெய்கிற மழை அது. என் தேமல் கொழுத்துக்கொண்டே போனது.

சீலர் என்று கடையில் ஒரே பெயரில் இருபது பேணி அடுக்கியிருப்பார்கள். பன்னிங்ஸில் அந்த வரிசையில் நின்றால் எனக்கு இப்போதும் தலை சுற்றும். ஆனால் அடிப்படையில் இரண்டே சாதி. ஒன்று மேலே படலமாகப் படிவது: அக்ரிலிக், பொலியுரேத்தேன், எபொக்சி எல்லாம் இந்தப் பக்கம். மற்றது உள்ளே இறங்குவது: சிலேன், சிலொக்சேன் என்று பின்பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கும். இரண்டாவது சாதி துளைகளை அடைக்காது. துளையின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் அதில் படியாதபடி செய்யும். சேம்பிலையைப் பார்த்திருப்பீர்களே, இலை ஓட்டை அடைபட்டா தண்ணீர் உருளுகிறது? அந்த மாதிரி. மேலேயிருந்து வரும் துளி உள்ளே போகாது, கீழேயிருந்து வரும் ஆவி வெளியே போகும்.

அதனால் முதல் கேள்வி எந்த பிராண்ட் என்பது இல்லை. இந்தத் தரை எவ்வளவு குடிக்கும், தண்ணீர் எந்தப் பக்கத்தால் வருகிறது, இந்த இரண்டும்தான். குடிக்கிறதா என்று பார்க்க ஒரு கரண்டித் தண்ணீர் போதும். ஊற்றிவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்க வேண்டும். அந்த இடம் கறுத்திருந்தால் குடிக்கிற கல். முத்து முத்தாக நின்றால் அது குடிக்காத கல், இல்லாவிட்டால் ஏற்கெனவே யாரோ எதையோ பூசியிருக்கிறார்கள். குடிக்காத கல்லுக்கு உள்ளிறங்கும் சீலர் ஊற்றுவது, வயிறு நிறைந்தவனுக்குச் சோறு திணிக்கிற வேலை. மேலே பிசுபிசு என்று நிற்கும், பிறகு துடைக்கவும் வராது.

கீழேயிருந்து ஈரம் வருகிறதா என்று பார்க்க இன்னும் இலகு. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி தெளிவான பொலித்தீன் துண்டு, நாலு பக்கமும் டேப். 16 மணித்தியாலமாவது விட வேண்டும். நான் பிறகு, புத்தி வந்த பிறகு, பாஸ்மதி அரிசி மூட்டையின் உட்பையை வெட்டி ஒட்டினேன். காலையில் எடுத்துப் பார்த்தால் உள்பக்கம் வேர்த்து, கொங்கிரீட்டில் கறுப்பாக ஒரு சதுரம். அதே கொங்கிரீட், பக்கத்தில் வெளிறிக் காய்ந்து கிடந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபோதுதான் அந்தச் சனிக்கிழமை நான் கைவைத்துப் பார்த்த பார்வையின் பெறுமதி விளங்கியது.

ஊரில் அப்பம்மா வீட்டில் சிவப்புச் சீமெந்துத் தரை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முன்னம், தட்டைப் பேணியில் வரும் சிவப்பு மெழுகைத் துணியில் எடுத்துப் பூசிவிட்டு, பாதியாக வெட்டிய பொச்சுமட்டையில் ஒரு காலை வைத்து முன்னும் பின்னும் தேய்ப்போம். எனக்கும் தங்கைக்கும் அது வேலை இல்லை, நடனம். முடிந்தபிறகு முகம் பார்க்கலாம். அதுவும் படலம் போடுகிற சீலர்தானே, அது ஏன் வெளுக்கவில்லை என்று யோசித்தேன். மெழுகு அப்படி மெல்லிசு. நடக்க நடக்கத் தேய்ந்து போகும். வருடத்துக்கு இரண்டு தரம் திரும்பப் பூசுவோம். மழை அதன் மேலே விழாது. பதினைந்து வருடம் நிற்க வேண்டும் என்று யாரும் அதைக் கேட்கவில்லை. வழுக்கியதா என்றால், வழுக்கியது. பெரியப்பா ஒருமுறை சரத்தோடு வழுக்கிப் போய்ப் படலையில்தான் நின்றார் என்று இன்றும் வீட்டில் கதை உண்டு. படலைக்கும் விறாந்தைக்கும் இடையில் முற்றம் இருக்கிறதே என்று கேட்டால் ஒருவரும் பதில் சொல்லமாட்டினம்.

அந்த வீட்டின் சுவர் சுண்ணாம்புச் சாந்து. மாரியில் ஈரம் ஏறும், கோடையில் இறங்கும், வருடத்துக்கொருக்கால் வெள்ளையடிப்போம். பிறகு வெளிநாட்டுக் காசு வந்து, சீமெந்துப் பூச்சும் அதன் மேல் மினுக்கப் பெயின்றும் அடித்தார்கள். இரண்டு மாரிக்குள் அடிச்சுவர் முழுக்க உப்புப் பூத்து, பெயின்ற் அப்பளம் மாதிரிப் பொரிந்து விழுந்தது. அப்போது நல்ல பெயின்ற் வாங்கவில்லை என்று மேசனோடு சண்டை பிடித்தார்கள். டூங்கபியில் தேமலைப் பார்த்துக்கொண்டு நிற்கையில்தான் அந்த மேசனிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

சிட்னி மணற்கல்லுக்கும் இதே வியாதிதான் வரும். எங்கள் முன்வாசலில் இரண்டு படி, மஞ்சளும் பழுப்பும் வரிவரியாக ஓடும் ஹோக்ஸ்பரி மணற்கல். 20 கோடி வருடத்துக்கு மேற்பட்ட ஆற்று மணல், களியால் ஒட்டி நிற்கிறது. நகரத்தில் 1898இல் திறந்த குயின் விக்டோரியா கட்டடம் இந்தக் கல்தான். மணிகளுக்கு நடுவே தண்ணீர் உப்பைக் காவிக்கொண்டு திரியும். மேலே படலம் போட்டால் உப்பு படலத்துக்குப் பின்னால் பளிங்காகி, கல்லின் தோலையே உரித்துக்கொண்டு விழும். பூசினால் உள்ளிறங்கும் சீலர். இல்லாவிட்டால் ஒன்றும் வேண்டாம். நான் ஒன்றும் பூசவில்லை. பாசி பிடிக்கிறது, தும்புத்தடியால் தேய்க்கிறேன், அவ்வளவுதான்.

குசினிக்கு வருவோம். இதைப் பற்றித்தான் ஆட்கள் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள், ஏனென்றால் நம் சமையலில் இருக்கிற மஞ்சள் எந்தச் சீலருக்கும் பயப்படாது.

எங்கள் மேடை பழைய சொந்தக்காரர் போட்ட செயற்கைக் கல். அரைத்த கல்லையும் பிசினையும் சேர்த்து அழுத்திச் செய்தது. பழைய வகைகளில் 95 வீதம் வரை சிலிக்கா இருக்கும். இது குடிக்காத கல், சீலர் தேவையில்லை. தேவைப்பட்டது அதை அறுத்த தொழிலாளிகளின் நெஞ்சுக்குத்தான். அந்தத் தூசியைச் சுவாசித்து முப்பது நாற்பது வயதுக்காரருக்கெல்லாம் சிலிக்கோசிஸ் வந்ததால், 2024 ஜூலை 1 முதல் அவுஸ்திரேலியா அதை முழுதாகத் தடைசெய்தது. உலகத்திலேயே முதல் நாடு. வீட்டில் ஏற்கெனவே இருக்கிற மேடையால் சமைப்பவருக்கு ஆபத்து இல்லை. ஆனால் புது அடுப்பு பெரிதாக இருக்கிறது, ஓட்டையைக் கொஞ்சம் அகட்டுவோம் என்று கிறைண்டரோடு வெளிக்கிடுகிற சாதியில் நீங்கள் ஒருவரானால், தயவுசெய்து கிறைண்டரை வையுங்கோ.

ஸ்கோபீல்ட்ஸ் பக்கம் புது வீடு கட்டிய சிநேகிதி வெள்ளை மாபிள்தான் வேண்டும் என்று நின்றா. விற்றவர் 'சீல் பண்ணித் தாறம்' என்றாராம். சீல் பண்ணித்தான் கொடுத்தார்கள், நன்றாகவும் செய்திருந்தார்கள். ஆனாலும் முதல் மாதமே வட்ட வட்டமாக மங்கல் அடையாளம். தேசிக்காய் வெட்டிய இடம், ரசக் கிண்ணம் வைத்த இடம், மோர் சிந்திய இடம். இது கறை இல்லை. கறை என்பது நிறம் உள்ளே இறங்குவது, அதைச் சீலர் தாமதப்படுத்தும். மாபிள் சுண்ணக்கல்லின் பிள்ளை. புளி பட்டால் மேல் மினுக்கமே கரைந்துவிடும். அதை உள்ளிறங்கும் எந்தச் சீலரும் தடுக்காது, ஏனென்றால் அது இருப்பது உள்ளே, புளி படுவது வெளியே. கருங்கல்லுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அதிலும் கறுப்பு வகைகள் அநேகமாகக் குடிக்காது, வெளிர் நிறங்கள்தான் குடிக்கும். கடையில் ஒரு துண்டு மாதிரி வாங்கிக்கொண்டு வந்து, ஒரு இரவு அதன் மேல் நல்லெண்ணெயும் மஞ்சளும் தேசிக்காயும் வைத்துப் பாருங்கோ. சிநேகிதிக்கு இதைச் சொன்னேன். "இப்ப சொல்லுங்கோ" என்றா.

டைல்ஸ் கறை பிடிக்காது, நடுவில் ஓடும் கிரௌட் பிடிக்கும். சீமெந்துக் கிரௌட் நன்றாகக் குடிக்கும். அதற்கு உள்ளிறங்கும் சீலரைச் சின்னப் பிரஷால் கோடு கோடாகப் பூசி, டைல்ஸில் பட்டதை உடனே துடைக்க வேண்டும். எபொக்சிக் கிரௌட் என்றால் பூச வேண்டியதில்லை. அடுப்புக்குப் பின்சுவர் புதிதாகச் செய்கிறவர்கள் கொஞ்சம் கூடக் கொடுத்து எபொக்சியே போடச் சொல்வது நல்லது, நம் தாளிப்புக்கு அதுதான் தாங்கும். பிடித்துவிட்ட மஞ்சளுக்கு ஒரு மருந்து அம்மாவுக்குத் தெரியும்: வெயில். வெள்ளைச் சேலையில் பட்ட மஞ்சளைத் தோய்த்து முற்றத்துக் கொடியில் போட்டால் பின்னேரத்துக்குள் மங்கிவிடும். மஞ்சளின் நிறப்பொருள் ஒளிக்கு நிற்காது. எங்கள் குசினி யன்னலுக்குக் கீழே இருக்கிற கிரௌட் மட்டும் வெள்ளையாக இருப்பதன் இரகசியம் நான் பூசிய சீலர் இல்லை, மேற்கு வெயில்.

குளியலறையைப் பற்றி எழுதத் தொடங்கினால் இது புத்தகமாகிவிடும். ஒரு முக்கிய சங்கதியோடு நிறுத்துகிறேன். சுவர் ஈரம் கசிந்தால், பக்கத்து அறைக் கம்பளம் நனைந்தால், கிரௌட்டுக்கு மேலே சீலர் பூசி அதை நிறுத்த முடியாது. தண்ணீரைத் தடுப்பது டைல்ஸுக்குக் கீழே இருக்கிற மெம்பிரேன். ஏஎஸ் 3740 என்ற விதிப்படி ஷவர் சுவரில் அது 1,800 மில்லிமீற்றர் உயரம் வரை போக வேண்டும். முன்னம் நாங்கள் ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்தபோது, கசிந்த ஷவருக்கு ஒருவர் வந்து மேலே ஏதோ பளபள என்று பூசி 'பத்து வருட உத்தரவாதம்' என்றார். பத்துக் கிழமை. நியூ சவுத் வேல்ஸில் 5,000 டொலருக்கு மேற்பட்ட வீட்டு வேலைக்கு லைசன்ஸ் வேண்டும். 4,900 என்று யாராவது கணக்குச் சொன்னால் கொஞ்சம் நின்று யோசியுங்கோ.

மூலைகளில் வைக்கிற சிலிக்கனில் மட்டும் நாங்கள் கைவைக்கலாம். அதில் இரண்டு வகை, மூக்கே சொல்லிவிடும். பேணியை வெட்டியவுடன் வினாகிரி மணம் வந்தால் அது அசற்றிக் வகை. கண்ணாடிக்கும் மினுக்கிய டைல்ஸுக்கும் நல்லது. கொங்கிரீட், மாபிள், செம்பு, கல்வனைஸ் தகடு, முகம்பார்க்கும் கண்ணாடியின் பின்பக்கம் இவற்றில் அந்த அமிலம் விளையாடும். அங்கெல்லாம் நியூற்றல் வகை. இரண்டிலும் பெயின்ற் பிடிக்காது. வெளிச்சுவர் வெடிப்புக்கு, பிறகு பெயின்ற் அடிக்கப் போகிறீர்கள் என்றால், பொலியுரேத்தேன் பக்கம் போங்கோ. பழைய சிலிக்கனுக்கு மேலே புதுசு வைக்கிற சோம்பேறித்தனம் எனக்கும் இருந்தது. ஒட்டாது. பிளேட்டால் சுரண்டி எடுத்து, துடைத்து, காயவிட்டுத்தான் வைக்க வேண்டும். அரை மணி வேலைக்கு இரண்டு மணித்தியாலச் சுரண்டல்.

பின்பக்க டெக் மெர்பாவ் மரம். சிட்னியில் தமிழர் வீட்டுப் பின்வளவில் பாதிக்குப் பாதி இந்தச் சிவப்பு மரம்தான். புது மெர்பாவ் முதல் மழைகளில் வெற்றிலை துப்புகிற மாதிரிச் சிவப்பாய்க் கக்கும். கீழே வெளிர்க் கல் பதித்திருந்தால் கல் போச்சு. கொஞ்ச நாள் மழையில் விட்டுக் கக்கவிட்டோ, ஒக்சாலிக் அமிலம் உள்ள டெக் கிளீனரால் கழுவியோதான் எண்ணெய் பூச வேண்டும். மரத்துக்கும் அதே இரண்டு சாதி: மேலே படலமாக நிற்கும் வார்னிஷ், உள்ளே இறங்கும் எண்ணெய். வார்னிஷ் முதல் வருடம் வடிவு. பிறகு மரம் விரிந்து சுருங்க, படலம் வெடித்து உரியும், முழுக்கச் சுரண்டாமல் திரும்பப் பூச முடியாது. எண்ணெய் வருடத்துக்கொருக்கால் கேட்கும், ஆனால் கழுவிவிட்டு மேலே பூசலாம். பலகையின் வெட்டு முனைகளை மறக்க வேண்டாம், மரம் தண்ணீர் குடிப்பது அதிகமும் அந்த வாயால்தான். ஊரில் வள்ளத்துப் பலகை இடுக்குக்குக் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி அடைப்பார்கள். அந்த மணமும் டெக் எண்ணெய் மணமும் எனக்கு ஏதோ சொந்தம் போலப் படும்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் கராஜ் மூலையில் போட வேண்டாம். டெக் எண்ணெயில் இருக்கக்கூடிய ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடாகும்; சுருட்டின துணிக்குள் சூடு வெளியேற வழியில்லாமல், நெருப்புக்குச்சி இல்லாமலே பற்றும். கதை இல்லை, உண்மை. ஒற்றையாக விரித்து வெளியே காயப் போடுங்கோ, இல்லாவிட்டால் தண்ணீரில் ஊறப் போடுங்கோ.

இன்னும் ஒரு தரை, உண்மையில் சுவர். நம் ஏரியாவில் பழைய வீடுகளில், முக்கியமாகப் பின்வளவுக் கராஜ்களில், ஃபைப்ரோ தகடு நிறைய இருக்கிறது. அந்தக் காலத்து ஃபைப்ரோ என்றால் அநேகமாக அஸ்பெஸ்டஸ். உடையாமல் முழுதாக நிற்கிற தகடு பெயின்றோ சீலரோ பூசி மூடி வைத்தால் அதன்பாட்டுக்கு நிற்கும். ஆனால் பூச முன்னம் கழுவ வேண்டும் என்று பிரஷர் மெஷினைத் தூக்குவோமே, அது சட்டவிரோதம், நாரைக் காற்றில் பறக்கவிடுகிற வேலை. மண்தாள் தேய்க்கவும் கூடாது. கழற்றுவதானால் 10 சதுர மீற்றருக்கு மேல் லைசன்ஸ் உள்ளவர்தான் கைவைக்கலாம். 2003 டிசம்பர் 31ஓடு இந்த நாடு அஸ்பெஸ்டஸை முழுதாக நிறுத்தியது. இலங்கையும் 2018 முதல் இறக்குமதியைக் கட்டுப்படுத்தத் தயாரானது. அந்த நேரம் பார்த்து, 2017 டிசம்பரில் ரஷ்யா நம் தேயிலையில் வண்டு இருக்கிறது என்று இறக்குமதியை நிறுத்தியது. அஸ்பெஸ்டஸ் விற்பதும் ரஷ்யாதான். தடை பின்போடப்பட்டது, வண்டும் காணாமல் போனது. ஊரில் இன்றும் மாட்டுக்கொட்டிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அதே சீற்தான்.

என் தேமலுக்கு என்ன ஆனது? சைலீன் என்ற கரைப்பானை ஊற்றி ரோலரால் உருட்டினால் பழைய அக்ரிலிக் திரும்பக் கரைந்து, உள்ளே நிற்கிற ஈரம் வெளியேறிச் சரியாகும் என்று படித்தேன். வெளுப்பு மெல்லிசாக இருந்தால் அது வேலை செய்யும். எனக்கு நாலில் ஒரு பங்கு சரிவந்தது, தலையிடி முழுதாக வந்தது. தூசிக்குப் போடுகிற பி2 மாஸ்க் அந்த ஆவியைத் தடுக்காது. கரைப்பான் ஆவிக்கென்று வடிகட்டி உள்ள மாஸ்க் வேண்டும். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது, இந்தக் கதையில் எல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கடைசியில் 2022 டிசம்பரில் ஸ்ட்ரிப்பர் ஜெல் பூசி, ஊறவிட்டு, தோல் தோலாகச் சுரண்டி எடுத்தேன். மூன்று வார இறுதி. சீலர் வாங்கிய காசைவிட அதைக் கழற்றிய காசு இரண்டு மடங்கு.

பிறகு எட்டு மாதம் ஒன்றும் செய்யவில்லை. 2023 ஓகஸ்டில், காய்ந்த கிழமைகளுக்குப் பிறகு, அரிசிப் பையைத் திரும்ப ஒட்டினேன். காலையில் எடுத்தால் உள்ளே ஒரு துளி இல்லை. வெயில் ஏற முன்னம், கொங்கிரீட் குளிர்ந்திருக்க, சிலேன் சிலொக்சேன் கலந்த சீலரைத் தோட்டத்துக்கு மருந்தடிக்கிற பம்பால் தெளித்தேன். முதல் கை காய முன்னம் இரண்டாவது கை. காய்ந்துவிட்டால் முதலாவதே இரண்டாவதை உள்ளே விடாது. தண்ணீர் மாதிரித்தான் இருந்தது, தண்ணீர் மாதிரித்தான் இறங்கியது. பின்னேரம் பார்த்தால் பழைய சாம்பல் கொங்கிரீட் பழைய சாம்பலாகவே கிடந்தது. மினுக்கம் இல்லை, நிறம் இல்லை, வட்ஸ்அப்பில் போட ஒன்றும் இல்லை. கார் ஒயிலுக்கு இது காவல் இல்லை என்பதும் தெரியும், அதற்கு வேறு வகை இருக்கிறது, விலையும் வேறு. என் பழைய கொறோலா எங்கே நின்றாலும் ஒழுகும் என்பதால் கீழே ஒரு கார்ட்போட் போட்டிருக்கிறேன்.

முதல் மழை ஒரு செவ்வாய் இரவு. குப்பைத் தொட்டியை மெதுவாக இழுத்துக்கொண்டு இறங்கினேன். பாதியில் நின்று கைபேசி வெளிச்சத்தில் பார்த்தேன். கொங்கிரீட் முழுக்கத் துளிகள், வட்ட வட்டமாக, ஒன்றும் உள்ளே போகாமல், சரிவைப் பார்த்து மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன. நான் நிற்பதைக் கண்டு எதிர்வீட்டு அண்ணை குடையோடு வந்தார். வளவைச் சுற்றிப் பார்த்தார். தேமல் போய்விட்டது, ஆனால் பழைய கொங்கிரீட் பழைய கொங்கிரீட்டாகவே கிடந்ததில் அவருக்குக் கவலை.

"என்ன தம்பி, எல்லாத்தையும் கழட்டினாப் பிறகு இன்னும் ஒண்டும் அடிக்கேல்லையோ?"

"இல்லை அண்ணை" என்றேன். "பாப்பம்."